நாவின் நுனியில் நிற்கும் சொல்

ஓதித்தந்த உஸ்தாது பேச்சில் ஒரு சொல்லுக்குத் தயங்கினால், நாம் முந்திக்கொண்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அவருக்கு மறந்துவிட்டது என்றும் தீர்ப்பளிக்கிறோம்.

முதுமையில் சொல்லறிவு எளிதில் அழிவதில்லை. தேடியெடுக்கும் விரைவே குறைகிறது. நாவின் நுனியில் சொல் நிற்கும் நிலையைப் பிரௌன், மக்நீல் ஆகிய இருவர் 1966-இல் ஆராய்ந்தனர். வயது ஏற ஏற, குறிப்பாக ஆட்பெயர்களில், அது மிகுவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே, "தெரியும், வரவில்லை" என்று பெரியவர் சொல்வது வீண் சாக்கு அன்று.

ஆனால் வராத சொல்லுக்குப் பதிலாக வேறொன்றை வைக்கலாமா? முதுமையில் நபிமொழி கேட்கப்பட்ட ஜைது இப்னு அர்க்கம் (ரலி) அவர்கள், தமக்கு மறதி வந்துவிட்டதென்றும், நபி (ஸல்) அவர்களைப் பற்றி அறிவிப்பது கடினமான பொறுப்பென்றும் கூறித் தயங்கினார்கள். இது இப்னு மாஜாவில் உள்ளது.

அத்தயக்கம் அறியாமையன்று, அமானிதம். நாம் பழகவேண்டியது பொறுமை.