எம்பெருமான் அருந்திய கஷாயம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



எம்பெருமான் திருவீதியில் எழுந்தருளும்போது குவிகின்ற கரங்கள் ஆயிரம். அக்கரங்களுக்குப் பின்னே நிற்கும் விண்ணப்பங்களும் ஆயிரம். மகளுக்கு மணம், மகனுக்கு வேலை, வயலுக்கு மழை என்று ஒவ்வொருவர்க்கும் ஒரு குறை உண்டு. ஆயினும் வயது ஏற ஏற எல்லா விண்ணப்பங்களும் ஒன்றில் வந்து முடிகின்றன. "பெருமாளே! படுக்கையில் கிடவாமல், கை கால் திடமாக இருக்கும்போதே உன் திருவடியை அடைய வேண்டும்" என்பதே அது. ஆகவே இத்திருநாளில் ஆரோக்கியத்தைப் பற்றிச் சில வார்த்தை விண்ணப்பம் செய்யத் துணிகின்றேன்.

திருவரங்கத்தில் பெரியோர் வழிவழியாகச் சொல்லி வரும் ஐதிஹ்யம் ஒன்று உண்டு. ஒரு நாள் எம்பெருமானார் நம்பெருமாளைச் சேவிக்க எழுந்தருளினார். திருமுகத்தில் என்றுமில்லாத வாட்டம் அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. உடனே அவர் வேறு பரிகாரம் எதையும் தேடவில்லை. அர்ச்சகரை அழைத்து, "இன்று பெருமாளுக்கு அமுது செய்வித்தது என்ன?" என்று வினவினார். தயிரன்னமும் நாவற்பழமும் அமுது செய்வித்ததாக விடை வந்தது. குளிர்ச்சி மிக்க இரண்டும் ஒன்று சேர்ந்து பெருமாளுக்கு ஜலதோஷம் உண்டாக்கின என்று உணர்ந்த உடையவர், வைத்தியம் அறிந்த கருடவாகன பண்டிதரைக் கொண்டு கஷாயம் சமர்ப்பிக்கச் செய்தார். அரங்கன் அதை அமுது செய்தருளினான், திருமுகம் மலர்ந்தது.

ஜகத்காரணனுக்கு ஜலதோஷமா என்று நகைப்பாரும் உண்டு. அர்ச்சாவதாரத்தின் எளிமையை அறிந்தவர் நகையார். நாம் இன்று கொள்ள வேண்டிய பாடமோ வேறு. உடையவர் செய்தவை மூன்று. முதலாவது, முகத்தை உற்றுப் பார்த்தார். இரண்டாவது, உண்டது என்ன என்று கேட்டு நோயின் முதலைத் தேடினார். மூன்றாவது, முதல் தெரிந்துவிட்டது என்று நின்றுவிடாமல் மருந்தும் கொடுத்தார். காரணம் அறிதல், மருந்து கொடுத்தல் என்னும் இரண்டையும் அவர் பிரிக்கவில்லை. வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில் காட்டும் வழியும் இதுவே. நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியையும் அறிந்து செய்க என்பது அவர் கருத்து.

இந்நாளில் முழுமை மருத்துவம் என்றும், நோயின் வேரைக் களையும் மருத்துவம் என்றும் உலகெங்கும் பேசுகின்றனர். உறுப்பை மட்டும் பாராதே, மனிதனைப் பார். அவன் ஊண், உறக்கம், உழைப்பு, மனக்கவலை அனைத்தையும் சேர்த்துப் பார் என்பது அதன் சாரம். இது நமக்குப் புதியதன்று. நம் பெருமாள் கோயில்கள் இதனைக் கல்லில் பொறித்து வைத்திருக்கின்றன.

வானூரிலிருந்து திண்டிவனம், மதுராந்தகம் வழியே வடக்கே சென்றால், காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் தலம் இருக்கின்றது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துப் பெருங்கல்வெட்டு ஒன்று உண்டு. அக்கோயிலைச் சார்ந்து வேதபாடசாலையும், மாணாக்கர் விடுதியும், வீரசோழன் என்னும் பெயர் கொண்ட ஆதுலர் சாலையும் நடந்த வரலாற்றை அது கூறுகின்றது. ஆதுலர் என்றால் பிணியாளர். அவர்கள் கிடப்பதற்கு 15 படுக்கைகள் இருந்தன. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி அளக்கப்பட்டது. கோதண்டராம அசுவத்தாம பட்டன் என்னும் வைத்தியர் ஒருவர் இருந்தார். அறுவை செய்வதற்குச் சல்லியக் கிரியை வல்லார் ஒருவர் இருந்தார். மூலிகையும் விறகும் கொண்டு வர இருவர், பிணியாளரைப் பேணப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர். கடுக்காய் சேர்ந்த மருந்துகள், ஆமணக்குத் தைலங்கள், பழைய நெய் முதலாக ஏறத்தாழ 20 வகை மருந்துகள் இருப்பில் வைக்கப்பட்டன. இரவு முழுதும் எரிய ஒரு விளக்குக்கும் எண்ணெய் ஒதுக்கப்பட்டது. மாணாக்கர்க்குச் சனிக்கிழமை எண்ணெய் நீராட்டுக்கும் வழி செய்திருந்தனர்.

அன்பர்களே, அந்த இரவு விளக்கைச் சற்றே நினைத்துப் பாருங்கள். நோயாளிக்கு இரவு நீண்டது. இருளில் விழித்துக் கிடப்பவனுக்கு மருந்தைப் போலவே ஒளியும் வேண்டும், ஆளரவமும் வேண்டும் என்பதை அறிந்த நெஞ்சம் அல்லவா அதற்கும் நிவந்தம் வைத்தது! உணவு, மருந்து, அறுவை, பணிவிடை, தூய்மை, ஒளி ஆகிய ஆறும் ஒரு கூரையின்கீழ்ப் பெருமாள் சந்நிதியின் நிழலில் இருந்தன. ஒன்றை ஒன்று பகைக்கவில்லை. மூலிகை பறிப்பவரும் கத்தி எடுப்பவரும் ஒரே கோயிலின் பண்டாரத்திலிருந்து படி பெற்றனர். திருவரங்கத்திலும் ஆரோக்கியசாலை இருந்ததையும், 1493ஆம் ஆண்டில் அதைப் புதுப்பித்து அங்கே தன்வந்திரிப் பெருமாளை எழுந்தருளப் பண்ணியதையும் கல்வெட்டினால் அறிகின்றோம்.

நம் பக்கத்துக்கே வருவோம். கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்தில் தேவநாதப் பெருமாள் சந்நிதிக்கு எதிரே நிற்கும் குன்றுக்கு ஔஷதகிரி என்று பெயர். அனுமன் கொண்டு சென்ற மருந்து மலையின் ஒரு பகுதி விழுந்து உண்டானது என்பது தலவரலாறு. தேசிகன் பல்லாண்டு வாழ்ந்த தலம் அது. அம்மருந்து மலை எதற்காக வந்தது? இந்திரசித்தின் அத்திரத்தால் வானர சேனை சாய்ந்தது. இராமனும் இலக்குவனும்கூடச் சாய்ந்தார்கள். அப்போது முதியவனான சாம்பவான் நான்கு மருந்துகளைச் சொல்லி அனுமனை அனுப்பினான். உயிர் மீட்பது ஒன்று. தைத்த படைக்கலத்தை வெளியேற்றுவது ஒன்று. மேனியின் நிறத்தைத் திருப்பித் தருவது ஒன்று. பிளந்த உடலைப் பொருத்துவது ஒன்று. உயிர் வந்தால் போதும் என்று அம்முதியவன் விட்டுவிடவில்லை. முழு மேனியும் முன்போல் ஆக வேண்டும் என்று கருதினான். சக்கரவர்த்தித் திருமகனும், "நான் பரம்பொருள், எனக்கு மருந்து எதற்கு?" என்று மறுக்கவில்லை. ஓஷதியின் மணத்தை ஏற்று எழுந்தான்.

இவ்வளவும் அடியேன் சொல்வதற்குக் காரணம் உண்டு. வானூர்ப் பகுதியில் அடியேன் நன்கறிந்த ஒரு பாகவதர் இருக்கின்றார். இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உடையவர். ஒரு சித்திரைத் திருநாளில், "பத்து நாளும் பெருமாள் பிரசாதமும் தீர்த்தமுமே எனக்கு மருந்து, மாத்திரையைத் தொட மாட்டேன்" என்று உறுதி பூண்டார். நண்பகலில் வெறுங்காலோடு கற்றளத்தை வலம் வந்தார். மற்றவர்கள் சூடு தாளாமல் ஓடினர். இவர் நிதானமாக நடந்தார். அதைப் பக்தியின் பெருமை என்று கண்டவர் வியந்தனர். உண்மையில், நெடுநாள் நோயினால் உள்ளங்கால் உணர்விழந்திருந்தது. கொப்புளம் எழுந்ததும் தெரியவில்லை. அது உடைந்து புண்ணானதும் தெரியவில்லை. "பெருமாள் பார்த்துக்கொள்வான்" என்றே மேலும் பல நாள் கழிந்தன. முடிவில் ஒரு விரலை எடுத்தே காலைக் காக்க நேர்ந்தது.

மருத்துவமனையில் அவரைக் காணச் சென்றேன். "சரணாகதி செய்தவன் மருந்தை நாடினால் அது வேறோர் உபாயத்தைப் பற்றியதாகாதா?" என்று கண்ணீரோடு கேட்டார். நெஞ்சை உலுக்கும் கேள்வி. இதே எண்ணம் கூடியிருக்கும் உங்களில் சிலருக்கும் இருக்கலாம்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கின்றேன். மோட்சத்திற்கு எம்பெருமானே உபாயம், அதில் ஐயமில்லை. ஆனால் இந்த உடம்பு யாருடையது? நாம் அவனுக்கு உடைமையானால், இந்த உடம்பும் அவன் உடைமையே. உயிரால் தாங்கப்பட்டு, உயிரால் இயக்கப்பட்டு, உயிருக்கே உரியதாக இருப்பது உடல் என்று ஸ்ரீபாஷ்யகாரர் வரையறுத்தார். இவ்வுலகனைத்தும் எம்பெருமானுக்கு அவ்வாறே உடல் என்று காட்டினார். ஆகவே உடலைப் பேணுதல் நமக்கு நாமே செய்துகொள்ளும் உபசாரம் அன்று. உடையவன் நம்மிடம் ஒப்புவித்த பொருளைக் காக்கும் கைங்கரியம். பெரியாழ்வார் தம் திருமொழியில் நோய்களை நோக்கியே பேசி, இவ்வுடல் எம்பெருமான் எழுந்தருளியிருக்கும் இடம், காவல் உண்டு, அகன்று போங்கள் என்று விரட்டுகின்றார். காவல் உண்டு என்று அறிந்த நாம் கதவைத் திறந்து போட்டு உறங்கலாமா?

மருத்துவன் அறுத்தாலும் சுட்டாலும் நோயாளி அவனிடம் கொண்ட அன்பு மாறான் என்று குலசேகரப் பெருமாள் அருளிய உவமையையும் அவருக்கு நினைவூட்டினேன். ஆழ்வாரே மருத்துவன் கத்தியை எம்பெருமான் திருவருளுக்கு உவமையாக்கியிருக்க, நாம் அதை அருளுக்குப் புறம்பானது என்று தள்ளலாமா? சகஸ்ரநாமத்தில் வைத்யன் என்றும், ஔஷதம் என்றும், பேஷஜம் என்றும், பிஷக் என்றும் திருநாமங்கள் வருகின்றன. மருந்தும் அவனே, மருத்துவனும் அவனே. மாத்திரையைத் தள்ளுகிறவன் எதைத் தள்ளுகிறான் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. மாத்திரையை விழுங்கிவிட்டேன், இனி எதையும் உண்ணலாம், எப்போதும் விழித்திருக்கலாம் என்று இருப்பது அது. மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் அறுதியிட்டான். ஊணும் உலாவலும் உழைப்பும் உறக்கமும் அளவோடு அமைந்தவனுக்கே அது துன்பம் போக்கும் என்றான். தயிரையும் நாவற்பழத்தையும் விடாமல் கஷாயத்தை மட்டும் அருந்திக்கொண்டிருந்தால் ஜலதோஷம் எப்படிப் போகும்?

மூன்றாவது பிழை ஒன்று இக்காலத்தில் பெருகியிருக்கின்றது. "வேரோடு களைகின்றோம், எல்லா மாத்திரையையும் இன்றே நிறுத்துங்கள்" என்று பெரும்பணம் கேட்போர் பலர் உளர். எதனால் ஆனது என்று எழுதப்படாத பொடியை வாங்கி உண்போர் அதனினும் பலர். முழுமை என்ற சொல்லைச் சொல்லி ஓர் அங்கத்தை வெட்டச் சொல்பவர் முழுமையை அறியாதவர். சித்தமும் ஆயுர்வேதமும் நம் முன்னோர் தந்த செல்வங்கள். முறையாகக் கற்ற வைத்தியரிடம் அவற்றைப் பெறுங்கள். உண்ணும் மருந்து எல்லாவற்றையும் இரு தரத்து வைத்தியர்க்கும் மறையாமல் சொல்லுங்கள்.

திருவிழாவுக்கு வந்திருக்கும் உங்களுக்கு உதவும் சில வார்த்தைகளைச் சொல்லி முடிக்கின்றேன். சர்க்கரை நோய் உடையோர் பொங்கலையும் அக்காரவடிசிலையும் வெறுக்க வேண்டா; கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு துளி கொள்ளுங்கள். பிரசாதத்தின் மகிமை அளவில் இல்லை. மருந்துண்போர் வைத்தியரைக் கேளாமல் ஏகாதசி உபவாசம் இருத்தல் ஆகாது; இயலாதவர்க்குச் சாத்திரமே விலக்கு அளித்திருக்கின்றது. உடல் வியர்த்து நடுங்கி மயக்கம் வருமாயின் உடனே சிறிது சர்க்கரையோ வெல்லமோ உண்ணுங்கள். பிரதட்சிணத்தைக் காலையிலும் மாலையிலும் செய்யுங்கள். இரவில் படுக்குமுன் பெருமாள் திருவடியைத் தியானிக்கும் நீங்கள் உங்கள் உள்ளங்கால்களையும் ஒருமுறை விளக்கொளியில் பாருங்கள். காணவியலாதவர்க்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. வந்த மருந்து மாடத்தில் உறங்கலாகாது.

இன்னும் ஒன்று. நோய்க்கு மருந்தாவன நான்கு. நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுவார் என்று வள்ளுவரும் ஆயுர்வேத நூலாரும் வகுத்தனர். முதல் மூன்றும் கிடைத்தும் நான்காவது இல்லாமல் வாடும் முதியோர் நம் ஊர்களில் பலர். அவர் வீட்டுத் திண்ணையில் சென்று அரை நாழிகை அமர்ந்திருங்கள். திருமுக்கூடலில் எரிந்த அந்த இரவு விளக்கை நீங்கள் ஏற்றியதாகும்.

விரலை இழந்த அந்தப் பாகவதர் மறு ஆண்டும் திருவிழாவுக்கு வந்தார். காலில் மிருதுவான செருப்பு; பையில் மாத்திரை; நாவில் திருநாமம். தேர் நிலைக்கு வந்ததும் அடியேனைக் கண்டு, "சுவாமி! அரங்கனே கஷாயம் உண்டான், அடியேன் எம்மாத்திரம்!" என்றார். அச்சொல்லை உங்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டு நலமே ஊர் திரும்புங்கள். அடுத்த ஆண்டும் திடமான உடம்போடு வந்து சேவிக்க எம்பெருமான் திருவருள் புரிவானாக!

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

சுபம்.