சிறு உதைபந்தாட்டக் கழகங்களும் சிறுவர் பயிற்சியும்: ஓர் அறவியல் நோக்கு

விளையாட்டு தத்துவ விசாரணைக்குரிய பொருளன்று என்னும் எண்ணம் தமிழ்க் கற்றோரிடையே நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. படிப்பும் விளையாட்டும் ஒன்றையொன்று தின்று வளர்பவை என்ற கருத்தே இதற்குக் காரணம் எனலாம். ஆயினும் ஒரு சமூகம் தன் சிறுவரின் மாலைப்பொழுதை எதற்குக் கொடுக்கின்றது, எதற்கு மறுக்கின்றது என்பதைக் கொண்டு, அச்சமூகம் உண்மையில் மதிப்பது எதனை என்று அறிந்துகொள்ளலாம். கொழும்பிலே கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளில் சிறு உதைபந்தாட்டக் கழகங்கள் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவருக்குப் பயிற்சியளிக்கின்றன. அப்பயிற்சியின் பெறுமானம் யாது, அது யாருக்குரிய பெறுமானம் என்னும் வினா இந்த வகையில் அறவியல் வினாவாகின்றது.

கொட்டாஞ்சேனை துறைமுகத்தின் அயலிலே வளர்ந்த பகுதி. புனித லூசியா பேராலயமும் பொன்னம்பலவாணேசர் கோயிலும் நடந்து செல்லக்கூடிய தூரத்தில் உள்ளன. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே தோட்டத்தில், ஒரே குழாயடியில் வாழ்ந்து பழகிய இடம் அது. புனித பெனடிக்ற் கல்லூரியின் உதைபந்தாட்ட மரபும், 1972இல் திறக்கப்பட்ட சுகததாச விளையாட்டரங்கின் அண்மையும் இப்பகுதிக்கு இவ்வாட்டத்தில் ஒரு தனிப் பற்றை உண்டாக்கின. இங்கிலாந்திலே லீக் அமைப்புக்குக் கீழே ஆடும் கழகங்களைத் தனி வகுப்பாகக் கொள்வர். இலங்கையில் அப்பாகுபாடு முழுமையாகப் பொருந்தாது; தேசிய மட்டத்தில் ஆடும் கழகங்களிற் பலவும் வருவாயிலும் வசதியிலும் சிறு கழகங்களே. கொட்டாஞ்சேனையின் ரட்ணம் விளையாட்டுக் கழகம் 2006/07 பருவத்தில் தேசிய வெற்றியாளராகி, 2007இல் பாகிஸ்தானில் நடைபெற்ற ஆசியத் தலைவர் கிண்ணப் போட்டியிலே கலந்துகொண்டது. அத்தகைய கழகமும் அயலவரின் உழைப்பிலும் நன்கொடையிலும் தங்கியே வளர்ந்தது. அதனினும் சிறிய கழகங்களில் ‘அக்கடமி’ என்ற சொல் குறிப்பது சில பந்துகளையும், கடன் வாங்கிய ஒரு திடலையும், பகலில் வேறு தொழில் பார்த்து மாலையில் விசில் ஊதும் ஒரு பயிற்றுநரையுமே ஆகும்.

இப்பயிற்சிக்குப் பணம் செலவிடுவது தகுமா என்ற பேச்சு எழும்போது முதலிற் கூறப்படும் நியாயம் விளைச்சல் பற்றியது. இன்று பயிரிட்டால் நாளை ஒரு தேசிய வீரன் கிடைப்பான். கழகத்துக்குப் பெயரும் பணமும் வரும் என்பர். இக்கூற்றைக் கணக்காகவே எடுத்து நோக்கலாம். உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் 2001ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு வீரன் ஒப்பந்தக் காலத்தினுள் ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து வேறொரு நாட்டுக் கழகத்துக்கு விலைக்கு மாறும்போது, அத்தொகையில் 5 வீதம் அவனை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிரப்படல் வேண்டும். 12 முதல் 15 வயது வரையுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் மொத்தத் தொகையில் கால் வீதமும், அதற்குப் பின்னைய ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை வீதமும் உரியன. எனவே ஒருவன் 1,00,000 டொலருக்கு விலைபோனால், அவனைப் பன்னிரண்டு வயதில் ஓராண்டு பயிற்றிய கழகத்துக்கு 250 டொலர் கிடைக்கும். விலையே பேசப்படாத இடத்தில் அதுவும் இல்லை. இலங்கைச் சிறுவனுக்கு இது எட்டாத் தொலைவிலுள்ள கணக்கு.

உள்நாட்டிலோ, இவ்வாட்டத்தால் நிலையான ஊதியம் பெற விரும்புபவன் பெரும்பாலும் தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகளையே நாட வேண்டியிருந்தது. தேசிய லீக்கின் முன்னணி அணிகளிற் பல அவையே. போர்க்காலத்தில் கொட்டாஞ்சேனைத் தமிழ்ச் சிறுவன் ஒருவனுக்கு இந்த வாயில் ஏறத்தாழ மூடப்பட்டே இருந்தது. அவ்வாண்டுகளிலும் அவனுக்கு மாலைதோறும் பந்தை நிறுத்தவும் கடத்தவும் கற்றுக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். விளைச்சல் நியாயத்தின்படி அவர்களுடைய உழைப்பு வீண். வீண் என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வராதெனின், அந்நியாயம் எங்கோ குறைபாடுடையது என்பது தெளிவு.

செல்வம் மிக்க நாட்டிலும் இதே தர்க்கம் தன் முடிவுக்குச் சென்றுள்ளது. இலண்டனின் பிரென்ற்போர்ட் கழகம் 2016இல் தன் சிறுவர் அக்கடமியை மூடிவிட்டது. தேறக்கூடிய சிறுவரைப் பெருங்கழகங்கள் சிறு தொகை கொடுத்து அழைத்துக்கொள்கையில், செலவுக்கேற்ற பயன் இல்லை என்பது அதன் கணிப்பு. விளைச்சலே நோக்கமெனின் அம்முடிவில் பிழை காண்பதற்கில்லை. 2021இல் அது பிரீமியர் லீக்குக்கு உயர்ந்தபின், அந்த லீக்கின் நிபந்தனைக்கு அமைய மீண்டும் ஒரு அக்கடமியை அமைத்தது. மூடியதும் திறந்ததும் சிறுவரின் பொருட்டு நிகழவில்லை.

இரண்டாவது நியாயம் சமூகப் பாதுகாப்புப் பற்றியது. பயிற்சியில்லையேல் இச்சிறுவர் தெருவிலே நிற்பர், போதைப்பொருளுக்கு இரையாவர் என்பது அதன் சாரம். இதில் உண்மை இல்லாமலில்லை. வடகொழும்பில் போதைப்பொருள் செய்துள்ள கேட்டை அறிந்த எந்தத் தாயும் மாலை ஐந்து மணிக்கு மகன் திடலில் இருக்கிறான் என்பதை ஓர் ஆறுதலாகவே கொள்வாள். எனினும் இந்நியாயத்தினுள் ஓர் அவமதிப்பும் ஒளிந்திருக்கின்றது. வெள்ளவத்தையில் வசதியுள்ள பெற்றோர் தம் பிள்ளையை நீச்சலுக்கோ கிரிக்கெற்றுக்கோ அனுப்பும்போது, அவன் குற்றவாளியாகிவிடாமல் இருப்பதற்காக அனுப்புகிறார் என்று எவரும் கூறுவதில்லை. ஆளுமை வளர்ச்சி என்பர். ஓரிடத்தில் அணிகலனாகக் கருதப்படும் விளையாட்டு இன்னோரிடத்தில் மருந்தாகிவிடுகின்றது. ஏழைச் சிறுவனின் மகிழ்ச்சிக்கு மட்டும் சான்றிதழ் கேட்கும் இவ்வழக்கம் பரோபகாரிகளிடையேயும் பரவலாக உண்டு.

விளையாட்டு இன ஒற்றுமையை வளர்க்கும் என்ற கூற்றையும் இவ்விடத்தில் அளந்தே ஏற்க வேண்டும். ஒரே அணியில் ஆடியோர் வாழ்ந்த தெருக்களை 1983 யூலையின் தீ விட்டுவைக்கவில்லை. 2007 யூன் 7ஆந் திகதி கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் பல நூற்றுவர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர்; மறுநாள் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையே அதனை நிறுத்தியது. ரட்ணம் கழகம் தேசிய வெற்றியாளராக விளங்கிய ஆண்டும் அதுவே. அடையாள அட்டையின்றி வெளியே செல்ல அஞ்சிய காலத்தில், தோளில் ஒரு பையுடன் பயிற்சிக்குப் போவதே ஒரு தீர்மானமாக இருந்தது. அத்தீர்மானத்தை எடுத்த சிறுவனை உந்தியது யாது? தேசிய ஒற்றுமையும் எதிர்கால ஊதியமும் அவன் மனத்தில் இருந்திருக்கும் என்று நம்புதல் கடினம். அவனுக்கு அந்த ஆட்டம் வேண்டியிருந்தது.

அலஸ்டெயர் மக்கின்டையர் 1981இல் வெளியிட்ட ‘அறத்துக்குப் பின்’ என்னும் நூலில், சதுரங்கம் கற்கும் ஒரு சிறுவனை உதாரணமாகக் காட்டுகின்றார். இனிப்புத் தருவதாகக் கூறி அவனை ஆடவைக்கின்றனர். இனிப்புக்காக ஆடும்வரை, அகப்படாமல் ஏமாற்ற முடியுமெனின் ஏமாற்றுவதற்கு அவனுக்குக் காரணம் உண்டு. ஆட்டத்தினுள்ளேயே கிடைக்கும் நுட்பத்தையும் கற்பனையையும் அவன் விரும்பத் தொடங்கும் நாளிலோ, ஏமாற்றினால் தோற்பவன் அவனே. இவ்வேறுபாடு உதைபந்தாட்டத் திடலில் மிகத் துலக்கமாகத் தெரிகின்றது. வயதுக் கட்டுப்பாடுள்ள போட்டிகளில் பிறப்புச் சான்றிதழைத் திருத்தி மூத்த பையன்களை இறக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. 2009ஆம் ஆண்டின் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணப் போட்டியில் மணிக்கட்டு எலும்பைக் காந்தப் படமெடுத்து வயதைச் சோதிக்க வேண்டிய நிலையே ஏற்பட்டது. விளைச்சலுக்காக மட்டும் பயிற்றும் கழகம் இவ்வழியில் இறங்குவது தற்செயலானதன்று. கிண்ணமே இனிப்பாகிவிட்ட இடத்தில், ஒரு பதினாறு வயதுச் சிறுவனிடம் அவன் பிறந்த நாளையே பொய்யாகச் சொல்லுமாறு பெரியவர்கள் கேட்கின்றனர். மனிதனை ஒருபோதும் வெறுங்கருவியாகக் கொள்ளலாகாது என்று இம்மானுவேல் கான்ட் 1785இல் வகுத்த நெறிக்கு இதனினும் வெளிப்படையான மீறல் தேடவேண்டியதில்லை.

சிறு கழகத்தின் இளையோர் அணியைப் போற்றுவோர் அல்பேர் கமுவை எடுத்துக்காட்டுவது வழக்கம். அல்ஜியர்சின் ஏழைப் பகுதியான பெல்கூரில் வளர்ந்த அவர், ஒரு பல்கலைக்கழகக் கழகத்தின் இளையோர் அணியில் இலக்குக் காவலராக ஆடினார். 1930இல், பதினேழு வயதில், காசநோய் அந்த ஆட்டத்தை முடித்து வைத்தது. அறத்தைப் பற்றித் தாம் அறிந்தவற்றுக்கு அக்கழகத்துக்குக் கடன்பட்டிருப்பதாகப் பின்னர் அவர் எழுதினார். உதாரணம் கவர்ச்சியானதே. எனினும் 1957இல் நோபல் பரிசு பெற்றவரைக் காட்டி ஒரு சிறுவர் அணியை நியாயப்படுத்துவது, தேசிய வீரனைக் காட்டி நியாயப்படுத்துவதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. அன்று அவருக்கு முன்னே நின்று பந்தை மறித்து, பின் ஏதோவொரு தொழிலுக்குச் சென்று மறைந்த சக வீரரின் மாலைகள் எதனால் நியாயம் பெறுகின்றன? வினா அங்கேதான் நிற்கின்றது.

வெள்ளவத்தையின் நிலை வேறு. அங்கே கடலுக்கும் குடியிருப்புக்கும் இடையே புகையிரதப் பாதை ஓடுகின்றது, மணற்பரப்பு ஒடுங்கியது. ஹவ்லொக் வீதியை அண்டியுள்ள திடல்கள் கழகங்களுக்குரியவை. ஒழுங்கைகளில் அடுக்குமாடிகள் எழுந்தபின் பந்துருளும் இடம் மேலும் அருகிவிட்டது. மாலைப்பொழுதை ரியூட்டரிகள் எடுத்துக்கொண்டன. இதற்காகப் பெற்றோரை எளிதாகக் குறைகூற முடியாது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், ஒவ்வொரு புள்ளியையும் உயிர்ப்பிரச்சினையாக்கியது. காணியும் வீடும் எரிந்துபோகக்கூடும் என்று கண்டவர்கள், எரிக்க முடியாத சொத்தாகச் சான்றிதழைக் கருதினர். அக்கணிப்பில் அறிவு இருந்தது. ஆனால் அது சிறுவனின் பன்னிரண்டாவது வயதை இருபத்தைந்தாவது வயதுக்குச் செலுத்தும் தவணைப் பணமாக மட்டுமே காண்கின்றது. விளைச்சலை நாடும் கழகமும் அவ்வாறே காண்கின்றது என்பது கவனிக்கத்தக்கது. ரியூட்டரியும் அக்கடமியும் பகைமை கொண்டவைபோலத் தோன்றினும் ஒரே பேரேட்டில் கணக்கெழுதுகின்றன. பன்னிரண்டு வயதில் இறந்துபோகும் பிள்ளையும் ஒரு முழு வாழ்க்கையின் பன்னிரண்டு ஆண்டுகளை வாழ்ந்தே செல்கின்றது. அவ்வாண்டுகளின் நன்மை பின்னர் வரும் ஒன்றிற்காகக் காத்திருக்கவில்லை.

இவ்வாறு நோக்கின் சிறு கழகத்தின் பயிற்சிக்கு ஒரு பெறுமானம் கிடைப்பதோடு, அக்கழகத்தின்மீது சில பாரங்களும் ஏறுகின்றன. முதலாவது காவல். இங்கிலாந்தில் 1970 முதல் 2005 வரை சிறுவர் உதைபந்தாட்டத்தில் நிகழ்ந்த பாலியல் கொடுமைகளைப் பற்றி 2021இல் வெளிவந்த ஷெல்டன் அறிக்கை, பயிற்றுநர்மீது வைத்த கேள்வியற்ற நம்பிக்கை எவ்வளவு பயங்கரமாக முடியும் என்பதைக் காட்டியது. எங்கள் பையன், எங்கள் அண்ணன் என்று எல்லோரும் எல்லோரையும் அறிந்த அயலில் இவ்வெச்சரிக்கை கூடுதலாகவே வேண்டும். பெண்பிள்ளைகளுக்குத் திடலிற் பங்கு உண்டா என்பது இன்னொன்று. விளையாட்டு சிறுபராயத்தின் நன்மை எனின் அதற்கு மறுப்புக் கூற வழியில்லை.

ஆயினும் மிகக் கடினமானது, தேறாதவன் பற்றிய கடமையே. பதினைந்து வயதுக்குட்பட்ட அணிக்கான பெயர்ப்பட்டியல் ஒட்டப்படும் நாளில், ஐந்தாண்டுகள் வந்துபோன ஒருவனின் பெயர் அதில் இராது. போட்டிக்குப் பதினொருவரும் சில மாற்று வீரருமே செல்ல முடியும் என்பதால் தெரிவு தவிர்க்க முடியாதது. பொய்யாகப் புகழ்ந்து அவனை வைத்திருப்பதும் நேர்மையாகாது. ஆனால் அணியில் இடமில்லை என்பதும் கழகத்தில் இடமில்லை என்பதும் இரு வேறு தீர்ப்புகள். பல கழகங்களில் முதலாவதைச் சொல்லும் வாயே இரண்டாவதையும் சொல்லிவிடுகின்றது, பெரும்பாலும் ஒன்றும் பேசாமலே. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்காக ஓராண்டு விலகி நின்று திரும்பும் பையனுக்கும் இதுவே நேர்கின்றது. அவன் நின்ற இடத்தில் வேறொருவன் நிற்கின்றான், பயிற்றுநருக்கு அவன் பெயர் மறந்துவிட்டது. கோட்டு நடுவராகவோ சின்னப் பையன்களுக்குப் பந்தெறிபவனாகவோ அவனை வைத்துக்கொள்ளும் கழகங்களும் உண்டு. அதுவும் நன்றே. ஆயினும் அவன் கேட்பது அதனினும் எளியது: அடுத்த மாலையும் வந்து ஆடலாமா என்பது. இரண்டாந்தர ஆட்டக்காரர் பத்துப் பேருக்குத் திடலின் ஒரு மூலையையும் ஒரு பழைய பந்தையும் ஒதுக்குவதற்கு மாதமொன்றுக்கு என்ன செலவாகும் என்பதை எந்தக் கழகத்தின் பொருளாளரும் ஐந்து நிமிடத்தில் கணக்கிட்டுச் சொல்லக்கூடும்.