பங்குக் கிணறு

மலாயாவுக்கு எழுத்தர்களாகவும் இருப்பூர்தி நிலைய அலுவலர்களாகவும் வந்து குடியேறிய யாழ்ப்பாணத்தார் வீடுகளில், பழைய பெட்டிகளின் அடியில் நிலவுறுதிகள் சில இன்றும் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் படிப்போர் ஒரு தொடரை அடிக்கடி காண்பர். இத்தனை பரப்பு நிலம் என்று நான்கு எல்லைகளையும் கூறிய பின், இன்ன திசையிலுள்ள கிணற்றிலும், அதற்குச் செல்லும் வழியிலும், வாய்க்காலிலும் இன்ன பங்கு உரித்து என்று அவ்வுறுதி மொழியும். நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று என்று தொடங்கிய பங்கு, தலைமுறைதோறும் சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து, கணக்குப் பாடத்தில் நம் மாணவர் அஞ்சும் பின்னங்களாகச் சிறுத்துப் போவதும் உண்டு.

ஒரு கிணற்றில் யார் எவ்வளவு இறைக்கலாம் என்பதை இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்த சமுதாயம், அக்கிணற்று நீரை எந்த நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. எழுதாதது பிழை என்று நான் கூற வரவில்லை. எழுத வேண்டிய தேவை அன்று இல்லை. அத்தேவை எப்படி வந்தது, வந்த பின் அக்கடமை யாரைச் சாரும் என்பதே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையே அந்நிலத்தின் பெருஞ்செல்வம். அம்மழை செம்மண் வழியே இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. மூன்று புறமும் சூழ்ந்த கடல், நிலத்தின் அடியிலும் புகுந்து நிற்கிறது. அவ்வுவர்நீரின் மேல் நன்னீர் ஒரு வில்லையைப்போல மிதக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை அவ்வூர்ச் சிறுவரும் அறிவர். ஆகவே அங்கே நிலத்தடி நீர் என்பது அள்ள அள்ளக் குறையாத சுரங்கம் அன்று, மெல்லிய ஏடு.

அந்த ஏட்டைப் பல நூற்றாண்டுகள் காத்தது அறநூற்கல்வி என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. காத்தது மனிதனின் களைப்பு. துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பவரும், கீழே பட்டையைப் பிடிப்பவரும், பாத்திக்குப் பாத்தி நீரைத் திருப்புபவரும் சேர்ந்து உழைத்தால்தான் ஒரு தோட்டம் நனையும். வேண்டியதற்கு மேல் ஒரு பட்டை நீரும் எவரும் இறைக்கமாட்டார், கால் வலிக்கும். எருவும் அப்படியே. ஆட்டுப்பட்டி அடைத்தும், பூவரசங்குழையையும் பனையோலையையும் மண்ணில் தாழ்த்தியும் வளம் சேர்த்தனர். குழையைச் சுமந்து வந்து புதைக்கும் உழைப்பே, அளவுக்கு மிஞ்சாமல் தடுக்கும் வேலியாயிற்று.

பிறகு மண்ணெண்ணெயில் இயங்கும் இறைப்புப் பொறி வந்தது. யூரியா மூட்டை வந்தது. 1970 முதல் 1977 வரை இலங்கை அரசு மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, குடாநாட்டு உழவருக்கு நல்ல விலை கிடைத்தது. ஓலை வீடுகள் கல்வீடுகளாயின. பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றனர். அதைக் குறை கூற எவருக்கு வாய் வரும்? ஆனால் களைப்பு என்னும் பழைய காவலன் அன்றே வேலையை விட்டு நின்றுவிட்டான். அவன் இடத்தில் வேறொரு காவலனை அமர்த்த வேண்டும் என்பது எவருக்கும் தோன்றவில்லை.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையவை, நைட்ரேட்டும் அத்தகையதே. எனவே மண் அதனைப் பற்றி வைப்பதில்லை. வேர் உண்டது போக எஞ்சியது, மிகையாகப் பாய்ச்சிய நீரோடும் அடுத்து வரும் மழையோடும் கீழே இறங்கிவிடும். வெங்காயத்தின் வேரோ ஒரு சாணுக்கு மேல் பெரிதாக இறங்காதது. 1980-களில் செய்த ஆய்வுகளிலேயே, தோட்டச் செய்கை மிக்க பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் அளவு மிஞ்சியிருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்துள்ள எல்லை லிட்டருக்கு 50 மில்லிகிராம். உரம் மட்டுமே காரணம் என்று கூறுவதும் நேர்மை ஆகாது. நெருங்கிக் கட்டிய வீடுகளின் மலக்குழிகளும் அதே சுண்ணாம்புக் கல்லில்தான் கசிகின்றன.

கைக்குழந்தைக்கு இந்நீர் செய்யும் தீங்கை, அமெரிக்காவின் அயோவா மாநில மருத்துவர் ஹன்ட்டர் காம்லி 1945-இல் எழுதினார். கிணற்று நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்த குழந்தைகளின் உடல் நீலம் பாரித்தது. குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்தது. இதில் என் நெஞ்சை உறுத்துவது ஒன்று உண்டு. கிருமிக்கு அஞ்சி நீரைக் காய்ச்சும் தாய், நைட்ரேட்டைப் போக்குவதில்லை. நீர் ஆவியாகக் குறைய, எஞ்சியதில் அது செறிவாகிறது. கருத்தோடு அதிக நேரம் காய்ச்சியவள், கருத்தில்லாதவளைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறாள். கேடு நினையாதவனிடம் கேடு இல்லை என்னும் எளிய அறக்கணக்கு இங்கே தடுமாறி நிற்கிறது. உழவனும் கேடு நினைக்கவில்லை, தாயும் நினைக்கவில்லை. குழந்தை நீலம் பாரிக்கிறது.

இனி, உழவனின் வாதத்தைக் கேட்போம். “என் பங்கு முப்பத்திரண்டில் ஒன்று. நான் ஒரு மூட்டையைக் குறைத்தால் கிணறு தெளிந்துவிடுமா? என் விளைச்சல் குறையும். பக்கத்துத் தோட்டக்காரன் சிரிப்பான்.” இவ்வாதம் பேராசையின் குரல் அன்று. கடனுக்கு விதை வாங்கியவன் பேசும் பேச்சு. ஆயினும் இதில் ஓர் ஓட்டை உண்டு. நீர் இறைக்கும் முறைநாள் வந்தால் அவன் தன் முப்பத்திரண்டில் ஒரு பங்கை மிகச் சிறியது என்று விட்டுக்கொடுப்பதில்லை. அதற்காக வழக்காடவும் செய்வான். உரிமையில் பெரிதாய்த் தோன்றும் பின்னம், கடமையில் மட்டும் ஒன்றுமில்லாததாய்த் தேய்வது எங்ஙனம்? மேலும், இறைப்பைத்தான் நாள் கணக்கில் பிரிக்க இயலும். அடியிலுள்ள நீரை எவராலும் பிரிக்க இயலாது. அவன் பாத்தியில் இறங்கியது அவன் பங்கில் மட்டும் கலப்பதில்லை. முழுக் கிணற்றிலும், அடுத்த ஊர்க் கிணற்றிலும் கலக்கிறது. எடுப்பதில் பங்காளியாய் இருப்பவன் காப்பதில் முழுக் கிணற்றுக்கும் பொறுப்பாளி என்பதே என் துணிபு. அப்பொறுப்பு உழவனோடு முடிவதும் இல்லை. அளவு கேளாமல் மூட்டையை விற்கும் வணிகருக்கும், மலிவு விலை ஒன்றையே பார்த்து வெங்காயம் வாங்கும் நமக்கும் அதில் இடம் உண்டு. பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கிய யாழ்ப்பாணப் புகையிலையைச் சுவைத்த நம் பாட்டன்மாரை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

2014, 2015 ஆண்டுகளில் சுன்னாகம் வட்டாரக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது தெரிந்தபோது மக்கள் திரண்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மின்னாற்றல் நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென 2019-இல் தீர்ப்பாயிற்று. எண்ணெய்க்கு நாற்றம் உண்டு, நிறம் உண்டு, குற்றம் சாட்ட ஒரு முகவரியும் உண்டு. நைட்ரேட்டுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. குற்றவாளியைத் தேடிப் புறப்பட்டால் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு வாயிலுக்கே திரும்பி வர நேரும். ஆதலால்தான் ஊர்வலம் எழவில்லை போலும்.

காலம் இவ்வினாவை இன்னும் கடினமாக்குகிறது. இங்கிலாந்தின் சீமைச்சுண்ணாம்பு நிலங்களில் நைட்ரேட் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வீதமே கீழிறங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், நாட்டின் பசி தீர்க்கப் புல்வெளிகளை உழுதவர்களின் செயல், அவர்கள் மறைந்த பின்னரே சில இடங்களில் நீரை எட்டியது. அங்கே தீங்கு செய்தவரும் அதனைத் துய்ப்பவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. யாழ்ப்பாணத்துக் கல்லோ வெடிப்புகள் நிறைந்தது. மழை விழுந்த சில நாளிலேயே கிணறு உயரும். மாரியில் கரைந்ததைத் தைப்பொங்கலில் குடிக்க நேரும். இதனைத் துன்பம் என்று கொள்ளாமல் நற்பேறு என்றும் கொள்ளலாம். திருந்தினால், திருந்தியவர் கண்ணாலேயே பயனைக் காணும் வாய்ப்பு அந்நிலத்தில் ஓரளவு உண்டு.

திருந்துவது என்றால் உரத்தை அறவே ஒழிப்பது என்று பொருள் கொண்டோர் உளர். 2021-இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தது. விளைச்சல் வீழ்ந்தது, அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. ஆயத்தம் செய்யாமல் ஏவிய அறம், உழவனைத் தண்டித்ததேயன்றி அவனுக்கு எதையும் கற்பிக்கவில்லை. செய்யக்கூடியவை இதனினும் சிறியவை. மண்ணைச் சோதித்து அளவறிந்து இடுதல். ஒரே முறை கொட்டாமல் பயிரின் வளர்ச்சிக்கேற்பப் பகுத்து இடுதல். பெருமழைக்கு முன் இடாமை. வேர் நனையும் அளவோடு நீரை நிறுத்துதல். நான்காவதே கடினம். பொறி ஓடிக்கொண்டிருக்கையில், போதும் என்று எழுந்து சென்று நிறுத்த, துலா மிதித்தவனுக்குக் கால் சொன்னதை இவனுக்கு மனம் சொல்ல வேண்டும்.

நம் மலேசிய நாட்டில் குழாய் நீரின் பெரும்பகுதி ஆற்றிலிருந்து வருவதால் இவை தொலைதூரச் செய்திகளாய்த் தோன்றலாம். கிளந்தானில் வாழ்வோர்க்கு அப்படித் தோன்றாது. அம்மாநிலம் நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பி வாழ்வது.

குடாநாட்டில் இன்றும் மகளுக்குச் சீதனம் எழுதும்போது நொத்தாரிசு பழைய முறைப்படியே நிலத்தின் எல்லைகளைக் கூறி, கிணற்றுப் பங்கையும் குறிக்கிறார். பின்னம் சரிதானா என்று இரு வீட்டாரும் கூர்ந்து பார்க்கின்றனர். அந்தக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் நீரெடுத்துச் சோதித்து, அச்சோதனைத் தாளையும் உறுதியோடு வைத்துக் கொடுத்த தகப்பனார் ஒருவரை நான் இன்னும் கேள்விப்படவில்லை.