கைவிட்ட படகும் கண்டெடுத்தவன் கடமையும்

ஒரு பொருளை அதன் உடையவன் கைவிட்டு நெடுநாள் சென்றபின், அப்பொருளின்மீது அவனுக்கு எஞ்சி நிற்கும் உரிமை யாது? அதனைக் கண்டெடுத்து, வியர்வை சிந்திச் செப்பனிட்டவனுக்குப் புதிதாய்ப் பிறக்கும் உரிமை யாது? இவை வழக்குமன்றத்துக்குரிய கேள்விகளேயன்றி, நம்போன்றார் ஆராயத்தக்கவையல்ல என்று சிலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. சட்டம் வாய் திறப்பதற்கு முன்னரே மனச்சான்று விடை கூறவேண்டிய கேள்விகள் இவை.

ஜொகூர் நீரிணையின் கரையோரத்திலும், கண்டற்காடு சூழ்ந்த ஆற்றுமுகங்களிலும், பழைய மோட்டார்ப் படகொன்று தன் டிரெய்லர் வண்டியின்மேலேயே கிடந்து மக்கும் காட்சி நம்மவர் அறியாததன்று. சக்கரங்கள் பாதி மண்ணில் புதைந்திருக்கும். உட்புறத்தில் மழைநீர் தேங்கிக் கொசுக்களுக்குக் குடியிருப்பாகியிருக்கும். எஞ்சினின் மூடியைக் காணமுடியாது. கைத்திறனுள்ள இளைஞன் ஒருவன் அதனைப் பார்க்கிறான். நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் பாடுபட்டால் இதனை மீண்டும் நீரில் இறக்கலாம் என்ற ஆசை அவனுக்கு எழுகின்றது. ஆசை நல்லதுதான். ஆனால் அதனோடு கூடவே ஒரு வாக்கியமும் அவன் நாவில் எழுகின்றது: “இது யாருக்கும் வேண்டாத பொருள்.” நாம் ஆராயவேண்டுவது இந்த வாக்கியத்தைத்தான்.

தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதும் கிராணிமாராகிய எமக்கு இவ்வாக்கியம் வேறோர் உருவில் பழக்கமானது. வாங்கிய எந்திரத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கின்றோம். சில ஆண்டுகளில் அதன் மதிப்பு ஏட்டிலே சூனியமாகி விடுகின்றது. ஏட்டில் மாண்டுபோன உருளை எந்திரங்கள் அதற்குப் பின்னும் பல்லாண்டு ரப்பர்த் தாள் உருட்டியதை முதியோர் அறிவர். ஏடு பொய் சொல்லவில்லை. முதலாளி இட்ட பணத்தின் கதையை மட்டும் அது சொல்லுகின்றது. பொருளின் கதையைச் சொல்லுவது அதன் வேலையன்று. ஆகவே, ‘மதிப்பில்லை’ என்று ஒருவர் கூறினால், யாருடைய கணக்கில் மதிப்பில்லை என்று கேட்பதே அறிவுடைமையாகும். ‘வேண்டாதது’ என்பதும் அவ்வாறே. உடையவன் நோயுற்றுக் கிடக்கலாம். இறந்துபோய், பிள்ளைகள் இடம் அறியாதிருக்கலாம். செப்பனிடப் பணமின்றி நல்ல காலம் வருமென்று காத்திருக்கலாம். புல் முளைத்திருப்பது உடையவன் மனம் மாறியதற்குச் சான்றாகாது.

இவ்விடத்தில் சட்டம் கூறுவது வியக்கத்தக்கவாறு மனச்சான்றை ஒத்திருக்கின்றது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவு, 1860ஆம் ஆண்டில் இந்தியாவுக்கென இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின் அதே எண்ணுள்ள பிரிவின் வழிவந்தது. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளை உரியவனுக்காகக் காப்பாற்றவோ அவனிடம் சேர்ப்பிக்கவோ எடுப்பவன் குற்றவாளியல்லன் என்று அது விளக்குகின்றது. ஆனால் உடையவனை அறிந்தும், அல்லது அறியும் வழியிருந்தும், அல்லது தக்க முயற்சியோடு அவனைத் தேடி அறிவித்து, தக்க காலம் பொறுத்திராமலும், அதைத் தனதாக்கிக்கொள்பவன் குற்றவாளியே என்றும் அது கூறுகின்றது. கடலிற் சிதைந்த பொருள்களைப் பற்றிய 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பற் சட்டமும், கண்டெடுத்தவன் அதற்கென அமர்ந்த அதிகாரியிடம் அறிவிக்கவேண்டும் என்றும், உடையவன் ஓராண்டுக்குள் வந்து உரிமை கோரலாம் என்றும் விதித்தது. இரண்டிலும் கருத்து ஒன்றே. தேடுதல், அறிவித்தல், பொறுத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறிய பின்னரே சுத்தியலைக் கையில் எடுக்கவேண்டும். படகின் பதிவெண்ணைக் கொண்டு விசாரித்தலும், கரையிலுள்ள மீனவரைக் கேட்டலும், நில உரிமையாளரிடம் சொல்லுதலும் செலவு மிகுந்த செயல்களல்ல. அவற்றைச் செய்யாதவன், விடை தனக்குப் பாதகமாய் வருமென்று அஞ்சுகின்றான் என்றே கொள்ளவேண்டும்.

இனி, உரிமை தெளிவாயிற்று எனக் கொள்வோம். வேலை தொடங்குகின்றது. இவ்வேலையே ஓர் அறப்பள்ளி என்பது நம் கருத்து. கண்ணாடியிழைப் படகின் பின்புறச் சுவரில்தான் எஞ்சினின் முழுப் பாரமும் தொங்குகின்றது. பழைய படகுகள் பலவற்றில் அச்சுவரின் உள்ளே ஒட்டுப்பலகை வைத்து, இருபுறமும் இழை பூசி மூடியிருப்பர். திருகாணித் துளைகளின் வழியே நீர் கசிந்து உட்பலகை இற்றுப்போனாலும் வெளித்தோல் பளபளவென்றே இருக்கும். மரச்சுத்தியால் தட்டிப் பார்க்கவேண்டும். நல்ல பலகை கணீரென்னும்; இற்ற பலகை பொத்தென்னும். இற்றதை வெட்டி வெட்டி நல்ல மரம் தென்படும் வரை செல்லாமல், மேலே சாயம் பூசி விற்பவன் படகை விற்கவில்லை. நடுக்கடலில் எஞ்சினோடு கழன்று விழப்போகும் ஒரு பொய்யை விற்கின்றான். வாங்குபவன் தன் மனைவி மக்களோடு அதில் ஏறுவான் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

டிரெய்லரைப் பற்றியும் ஒரு வார்த்தை. படகுக்குப் பாலிஷ் போடுவோர் பலர், அதனைத் தாங்கி வந்த வண்டியைக் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. நெடுஞ்சாலையில் ஓடிய சக்கரத்தின் குடம் சூடேறி, உள்ளிருக்கும் காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறிவிடும். அந்தச் சூட்டோடே வண்டியைக் கடல்நீரில் இறக்கினால், குடம் சட்டெனக் குளிர்ந்து, மீந்த காற்றுச் சுருங்கி, தேய்ந்த சீலின் வழியே உப்புநீரை உள்ளிழுக்கும். பேரிங்கு துருவேறும். மற்றொரு நாள், கோத்தா திங்கி சாலையிலோ மெர்சிங் சாலையிலோ சக்கரம் கழன்றோடினால், அது மோதுவது வண்டிக்காரனையன்று. எதிரே மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் ஏதுமறியாத தொழிலாளியை. ஆகவே படகு நம் ஆசை. டிரெய்லரோ பிறர் உயிர். ஆசைக்குச் செலவிடும் பணத்தில் முதற்பங்கு பேரிங்குக்கும் கிரீசுக்கும் டயருக்கும் போகவேண்டும் என்று கூறுவது சிக்கனப் பேச்சன்று, நீதிப் பேச்சு.

இதுவரை கூறியது பெயரில்லாப் படகுகளைப் பற்றியது. பெயர்பெற்ற படகொன்றை எடுத்துக்கொண்டால், இதனினும் கடினமான கேள்வி ஒன்று எழுகின்றது. 1934இல் ஜப்பானில் கட்டப்பட்ட ‘கொஃபுக்கு மாரு’ என்னும் ஏறத்தாழ 21 மீட்டர் நீளமுள்ள மரப்படகு, சிங்கப்பூரை இருப்பிடமாகக்கொண்டு மீன்தொழிலில் உழன்றது. போர் மூண்டதும் பறிமுதலாயிற்று. 1942இல் வில்லியம் ரெனால்ட்ஸ் என்னும் ஆஸ்திரேலியர் அதனைச் செலுத்தி, சுமாத்ராவின் கிழக்குக் கரையோரம் மூழ்கிய கப்பல்களிலிருந்து தப்பிய 1,100 பேருக்கு மேற்பட்டோரைக் காப்பாற்றினார். பின்னர் அது இந்தியா சென்று, ஆஸ்திரேலியாவை அடைந்தது. ‘கிரெய்ட்’ என்று பெயர் மாறியது. நம் மொழியில் கட்டுவிரியன். பழைய எஞ்சின் பழுதாகிவிடவே கார்ட்னர் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. 1943 செப்டம்பரில் 14 பேரைச் சுமந்து வந்தது. அவர்களுள் அறுவர் மடக்குப் படகுகளில் இரவோடிரவாகச் சென்று, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நின்ற ஜப்பானியர் வசமிருந்த கப்பல்களில் வெடிகளைப் பொருத்தித் தகர்த்தனர். போருக்குப்பின் அது வடபோர்னியோவில் மரத்தொழிலுக்கு உழைத்தது. 1964இல் பொதுமக்கள் நன்கொடையால் ஆஸ்திரேலியா மீட்டுக்கொண்டு சென்றது. சிட்னியின் கடல்சார் அருங்காட்சியகத்துக்கென அது செப்பனிடப்பெற்று, அத்தாக்குதலின் 75ஆம் ஆண்டாகிய 2018இல், 1943இல் இருந்த தோற்றத்தை மீண்டும் பெற்றது.

செப்பனிட்டோரின் கைத்திறனைப் போற்றுகின்றோம். எனினும் கேட்கவேண்டியது ஒன்றுண்டு. மீன் சுமந்த ஆண்டு, அகதிகளைச் சுமந்த ஆண்டு, வெடி சுமந்த ஆண்டு, மரம் இழுத்த ஆண்டு என நான்கு பிறவி எடுத்த படகை, ஒரே ஒரு பிறவிக்குத் திருப்புவது எந்த நியாயத்தால்? ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் காத்த ஆண்டு ஏன் அந்த ஆண்டாக இருத்தல் கூடாது? மேலும், அத்தாக்குதலைச் செய்தோர் உள்ளூர்வாசிகளும் சிறைப்பட்டோருமே என்று ஜப்பானியக் காவற்படை தவறாக எண்ணியது. 1943 அக்டோபர் 10 முதல் சிங்கப்பூரில் 57 பேர் பிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளாயினர்; 15 பேர் மாண்டனர். அவருள் ஒருவரும் அத்தாக்குதலை அறிந்தவரல்லர். படகின் பலகையை எத்துணை நேர்த்தியாய்ப் புதுக்கினாலும் இந்த 15 பேர் அப்பலகையில் தென்படப் போவதில்லை. அதே போர்க்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட நம் பல்லாயிரவரோ, புதுக்குவதற்கு ஒரு படகையேனும் விட்டுச்செல்லவில்லை. ஆகவே பழம்பொருளைப் புதுக்குவோர்க்கு நாம் வைக்கும் நிபந்தனை இது: எந்த ஆண்டைத் தேர்ந்தீர் என்பதோடு, எவற்றை விட்டீர் என்பதையும் பொருளின் அருகே எழுதி வையுங்கள். தேர்ந்தெடுப்பது குற்றமன்று, தேர்ந்தெடுக்கவே இல்லை என்பதுபோல் காட்டுவதுதான் குற்றம்.

பலகையும் எஞ்சினும் மாறியபின் அது அதே படகுதானா என்று தத்துவ நூலார் வாதிடுவர். தீசியசின் கப்பலைப் பற்றிய இவ்வாதத்தைப் புளூட்டார்க் பதிந்து வைத்தார். கழற்றிய பழம்பலகைகளையே சேர்த்து மற்றொரு கப்பல் கட்டினால் எது உண்மைக் கப்பல் என்று 17ஆம் நூற்றாண்டில் ஆப்ஸ் கேட்டார். நம் வீட்டு அம்மி இதற்கு எளிய விடை தருகின்றது. வழுவழுப்பாகிவிட்ட அம்மியை ஆள் வைத்துக் கொத்துகின்றோம். பழைய முகம் பொடியாய் உதிர்ந்து புதுமுகம் வருகின்றது. பாட்டியின் அம்மி என்ற பெயர் மட்டும் மாறுவதில்லை. ஏன்? அது கல்லால் மட்டும் பாட்டியின் அம்மியன்று. விடாது அரைத்துவந்த கைகளின் தொடர்ச்சியால் பாட்டியின் அம்மி. படகும் அவ்வாறே. பேணுவோர் கை அறுபடாதிருக்கும்வரை அது அதுவே. கை அறுந்து, பின்னர் வேறொருவன் கண்டெடுத்தால், அறுந்த இடத்தை மறைக்காமல் சொல்லுவதே நேர்மை.

இவ்வளவும் கேட்ட வாசகர், ‘படகுக்கு இத்தனை பரிவு காட்டும் நீங்கள், வேலை ஓய்ந்ததும் லயத்தைக் காலிசெய்யும்படி கூறப்பட்ட முதிய தொழிலாளியை மறந்தீரோ?’ எனக் கேட்கலாம். மறக்கவில்லை. ஆனால் கைவிடப்பட்ட படகைப்போல் அவரையும் மீட்கவேண்டும் என்று உவமை கூற நமக்கு மனமில்லை. அவ்வுவமையில் ஒரு நஞ்சு இருக்கின்றது. படகைச் செப்பனிடுவது அது மீண்டும் பயன்படும் என்பதற்காக. மனிதனைப் பேணுவதோ அவன் பயன்படுவான் என்பதற்காகவன்று. ஐம்பது ஆண்டு பால் வெட்டிய கை இனி ஒரு மரத்தையும் தொடாது என்பது உறுதியானாலும், அவருக்குரிய கூரையும் மருந்தும் ஒரு சிறிதும் குறைதல் கூடாது. 1989ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல்மீட்பு உடன்படிக்கை இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்திருக்கின்றது. கப்பலையும் சரக்கையும் மீட்பவன், பயன் விளைந்தால் கூலி பெறுவான். உயிர் பிழைத்தவரிடமோ அதற்கென ஒரு காசும் கேட்டல் கூடாது என்கின்றது அதன் 16ஆம் பிரிவு. கூலியில்லையென்றால் மாலுமிகள் ஆளை விட்டுச் சரக்கைத் தேடி ஓடமாட்டார்களா என்னும் ஐயத்துக்கும் அங்கே விடையுண்டு. உயிர் காத்தவன், சரக்கை மீட்டவன் பெறும் கூலியில் நியாயமான பங்கு கோரலாம். அஃதாவது, உயிருக்கு விலை குறிக்காமலே, உயிர் காப்பதன் செலவைப் பொருளுடையோர்மேல் சுமத்தியது. தோட்டத்து முதியோர் விஷயத்திலும் நாம் வேண்டுவது இந்த முறையே. அவருடைய மதிப்பைக் கணக்கிடவேண்டாம். அவரைப் பேணும் செலவைப் பொருளின் கணக்கில் எழுதுங்கள்.

கடைசியாகக் கைவிடுபவனிடம் வருவோம். கண்டெடுத்தவனுக்கு இத்தனை கடமைகளை அடுக்கிவிட்டு, எறிந்தவனைச் சும்மா விடுதல் முறையன்று. கண்ணாடியிழை மரத்தைப்போல் மக்குவதில்லை. எரிபொருள் தொட்டியும் மின்கலமும் மண்ணில் கசியும். எறிவது தன் சொந்த விஷயம் என்று கருதுவோர், 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் எவரோ கொட்டிய இரசாயனக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டதையும், ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவம் நாடியதையும் நினைவுகூர்வாராக. அக்கொடுமையோடு ஒரு பழம்படகை ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஆயினும் இரண்டின் அடியிலும் இருப்பது ஒரே எண்ணம்தான்: என் கண்ணுக்கு மறைந்தால் என் கணக்கிலும் மறைந்தது என்பது.

ஆதலால், படகு வைத்திருப்போர், இனி வேண்டாமென்றால் வெளிப்படையாய்க் கைமாற்றிக் கொடுக்கவேண்டும். கைமாறாதெனில் முறைப்படி அழிக்கவேண்டும். கண்டெடுப்போர் தேடி, அறிவித்து, பொறுத்திருந்து, இற்றதை வெட்டி, டிரெய்லரை முதலில் பார்த்து, தாம் செய்ததையும் செய்யாததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நம் இளைஞர் கையில் இன்று தொழில்திறன் பெருகிவருகின்றது. அவருள் ஒருவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தகைய படகொன்றைக் காண்பாராயின், கருவிப் பெட்டியைத் திறக்குமுன் அக்கம்பக்கத்தில் ஒருவரை அணுகி, ‘ஐயா, இது யாருடையது?’ என்று கேட்பாராக.