கரையிறங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

உலகத்தைச் சுற்றிப் பார்ப்பது அறிவுக்கு நல்லது என்பதை நாம் மறுப்பவரல்லோம். ஊர் விட்டு ஊர் போகாதவனுக்குத் தன் ஊர் வழக்கமே உலக நியதியாகத் தோன்றும். பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் இன்று சிங்கப்பூர்த் துறையில் உல்லாசக் கப்பலேறுகின்றனர் என்றால், அது குறைவான முன்னேற்றமன்று. அதனை நாம் மகிழ்ச்சியோடு வரவேற்கின்றோம்.

பெக்கான் நானாஸில் நம் நண்பர் ஒருவர் இருக்கின்றார். ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அண்மையில் அவர் ஒரு கப்பல் கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தோடு நம்மிடம் வந்தார். கப்பல் தங்கும் துறைகளுள் ஒன்று, வெளியார் இன்ன இடத்திற்குப் போகலாம், இன்ன இடத்திற்குப் போகலாகாது என்று அரசாங்கம் வரையறுத்துள்ள ஒரு நாட்டில் இருக்கின்றது. அங்கே அவருக்கு மூன்று வழிகள்: கப்பல்காரர் ஏற்பாடு செய்யும் கூட்டத்தோடு போவது, தனியே ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது, இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுவது. “இவற்றுள் எது நல்லது?” என்று கேட்டார். செலவையும் சௌகரியத்தையும் கருதியே அவர் கேட்டார். ஆயினும் அக்கேள்விக்குள் வேறொரு கேள்வி அடங்கியிருக்கக் கண்டோம். அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இத்தகைய கட்டுப்பாடுகள் புதியனவல்ல. ருஷ்யாவில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் துறைக்கு வந்த கப்பற் பிரயாணிகள், 2009ஆம் ஆண்டின் விதிப்படி, விசா இன்றி 72 மணி நேரம் தங்க முடிந்தது. ஆனால் அனுமதி பெற்ற சுற்றுலாக்காரரின் பொறுப்பிலேயே நடமாட வேண்டியிருந்தது. கியூபாவுக்கு 2016ல் அமெரிக்க உல்லாசக் கப்பல் மீண்டும் சென்றபோது, கட்டுப்பாடு விதித்தது போன நாடன்று, புறப்பட்ட நாடு. இன்ன நோக்கத்திற்காகவே இறங்கலாம் என்று அமெரிக்கச் சட்டம் வகுத்தது. 2019 ஜூனில் அக்கப்பல்களையே அது நிறுத்திவிட்டது. இவற்றிலெல்லாம் பிரயாணி காண்பது ஒரு நாட்டையன்று. ஒரு நாட்டின் திறந்துவிடப்பட்ட பகுதியை மட்டுமே.

நம்மவர்க்கு மிக அண்மையிலுள்ள உதாரணம் பர்மா, அதாவது இன்றைய மியன்மார். 1996ஆம் ஆண்டை வெளிநாட்டார் வருகைக்குரிய ஆண்டென்று அந்நாட்டு ராணுவ ஆட்சி கொண்டாடியது. அவ்வாண்டை முன்னிட்டு மாந்தலே அரண்மனையின் அகழியைத் தூர்வார ஜனங்கள் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டனர் என்ற செய்தி உலகமெங்கும் பரவிற்று. “இப்பொழுது வராதீர்கள்” என்று ஆங் சான் சூச்சி வெளியாரைக் கேட்டுக்கொண்டார். பல்லாண்டுகளுக்குப்பின், 2011ல், அவருடைய கட்சி தன் கொள்கையைத் திருத்திற்று. ஜனங்களின் நலத்தில் அக்கறையுடையோர் தனித்தனியே வரலாம். பெருங்கூட்டமாக ஏற்பாட்டுச் சுற்றுலாவில் வருவதை ஆதரியோம் என்றது. வருவதா வேண்டாவா என்ற கேள்வி, எவ்வழியில் வருவது என்ற கேள்வியாக மாறியது.

இங்கு எதிர்வாதம் ஒன்று எழும். “நாம் போகாவிட்டால் ஆட்சியாளர் பட்டினி கிடப்பரோ? சைக்கிள் ரிக்‌ஷாக்காரனும் பலகாரம் விற்கும் கிழவியுமன்றோ கிடப்பர்?” என்பர். இது அற்பமான வாதமன்று. நாம் செலவிடும் காசில் ஒரு பங்கு அதிகாரத்தின் பெட்டிக்குப் போகும். ஒரு பங்கு ஏழையின் அடுப்புக்குப் போகும். வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டதனால் நம் கை சுத்தமாகிவிடும் என்று எண்ணுவது, பிறர் பசியைக் கொண்டு நம் மனச்சாட்சியைக் கழுவிக்கொள்வதாகும். எனவே போவது பாவம், போகாமை புண்ணியம் என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஆனால் காசைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. 2012ஆம் ஆண்டின் கலவரத்திற்குப்பின், அராக்கான் கரையிலுள்ள சிட்வே நகரின் ரோஹிங்யா மக்களுள் பெரும்பாலோர் ஊருக்குப் புறத்தே முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுக்குக் குடியுரிமை இல்லை. 1982ஆம் ஆண்டின் சட்டம் அவர்களை அயலாராக்கிற்று. அதே சிட்வேயில் வெளிநாட்டுப் பிரயாணிகள் வந்திறங்கி, படகேறி ஆற்று வழியாக மிராவ்-ஊ நகரத்துப் பழங்கோயில்களைக் காணச் சென்றனர். ஆயிரங்காதத்துக்கு அப்பாலிருந்து வந்தவனுக்கு ஆறு திறந்திருந்தது. ஆற்றங்கரையிற் பிறந்தவனுக்குத் தெருவே மூடியிருந்தது. 2017ல் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்காள தேசத்துக்கு ஓடினர். அன்று உலகின் மனச்சாட்சியை நோக்கிப் பேசிய ஆங் சான் சூச்சியே 2019 டிசம்பரில் ஹேக் நகரத்து உலக நீதிமன்றத்தில் தம் நாட்டின் தரப்பில் நின்று வாதாடினார். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி அவரையும் சிறைப்படுத்திற்று. பிறனுடைய வழி மூடப்படும்போது வாளாவிருப்பவனுக்கும் தன் வழி என்றும் திறந்திருக்குமென்ற உறுதியில்லை.

நம் முன்னோரும் கரையிறங்கியவர்களே. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்துக் கிடந்து பினாங்கை அடைந்தவர்களுள் பலருக்கு, மலாயாவின் முதற் காட்சி ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமாகவே இருந்தது. ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து பதினாயிரக்கணக்கான தமிழர் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். 1943 அக்டோபரில் முடிந்த அப்பாதையின் பர்மா முனையாகிய தான்பியூசயாத்தில், போர்க்கைதிகள் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர்க்குக் கல்லறைகள் வரிசையாக உள்ளன. நம் தோட்டத்துத் தமிழனுக்கு அவ்வாறு பெயர் பொறித்த கல் இல்லை. கம்பிக்குப் பின்னிருந்து உலகத்தைப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் என்பதை, உல்லாசக் கப்பலின் மேல்தளத்தில் நிற்கும்போதும் மறத்தல் தகாது.

இனி நம் ஊருக்கு வருவோம். பெக்கான் நானாஸ் என்றால் அன்னாசிப் பட்டணம். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அன்னாசியை இம்மண் தன்னதாகவே ஏற்றுக்கொண்டது. அதே ஊரில் குடிநுழைவுத் தடுப்பு முகாம் ஒன்றும் உண்டு. கையில் உரிய சீட்டில்லாத அயல் நாட்டார் அங்கு அடைக்கப்படுகின்றனர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் நம் நாடு கையொப்பமிடவில்லை. ஆதலின் உயிருக்கு அஞ்சி ஓடி வந்தவனையும் வேலை தேடி வந்தவனையும் நம் சட்டம் வேறு பிரித்துப் பார்ப்பதில்லை. 2021 பிப்ரவரி 23 அன்று, கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்திருந்தும், மியன்மார் நாட்டவர் 1,086 பேர் லூமுட் துறையில் அந்நாட்டுக் கடற்படைக் கப்பல்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். எல்லோரும் சம்மதித்தே சென்றனர், அகதிகள் அவருள் இல்லை என்று அதிகாரிகள் கூறினர். மனித உரிமைக்காரர் அதனை ஏற்கவில்லை. அதுவும் ஒரு கடற்பிரயாணம். ஆனால் அக்கப்பலில் எத்துறையில் இறங்குவது, எவ்வழியிற் போவது என்று எவரும் அவர்களைக் கேட்கவில்லை.

இவற்றையெல்லாம் நண்பரிடம் கூறி, கரையிறங்குமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுமாறு சொன்னோம். முதலாவது, நம் காசு யார் கைக்குப் போகின்றது? கூட்டத்தோடு போவதைவிட உள்ளூரான் ஒருவனை அமர்த்தி, அவன் சொல்லும் கடையில் உண்பது பெரும்பாலும் நல்லது. இரண்டாவது, நமக்குத் திறந்த வழி யாருக்கு மூடியிருக்கின்றது? இதனைப் புறப்படுமுன்பே படித்தறிய வேண்டும். மூன்றாவது, நம் கேள்விக்கு விலை கொடுப்பவன் யார்? அடக்குமுறை நாட்டில் வழிகாட்டியைத் துருவித் துருவிக் கேட்டு, நாம் கப்பலேறிவிடலாம்; பதில் சொன்னவன் அங்கேயே இருக்க வேண்டும். அவன் மௌனத்தை மதிப்பதும் மரியாதையே. மூன்றுக்கும் விடை தீதாயின், கப்பலிலேயே இருந்துவிடுவது மானமுள்ள செயல்.

நண்பர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, “இந்த ஊரில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக் கொடுத்தேன். அந்த முகாமில் எந்தெந்த நாட்டார் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் விசாரித்ததில்லையே” என்றார். நாமும் விசாரித்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டோம்.

அனுமதித்த தெருவில் நடப்பது குற்றமன்று. அத்தெருவை மட்டும் கண்டுவிட்டுத் திரும்பி வந்து, “நாடு முழுவதையும் கண்டோம், எல்லோரும் சுகமாயிருக்கின்றனர்” என்று சாட்சி சொல்வதே குற்றம். அக்குற்றத்தைச் செய்யக் கடல் கடக்க வேண்டுமென்பதில்லை. சொந்த ஊரிலேயே செய்யலாம், நாம் செய்தும் வருகின்றோம். அயல் நாட்டில் மூடிய கதவைப் பற்றிக் கேட்கத் துணிபவர், தம் ஊரில் மூடிய கதவைப் பற்றி முதலிற் கேட்கக் கடவர்.