விலையும் பயனும்: பலர் கூடி ஆடும் வீடியோ விளையாட்டுகள்

நம் இல்லங்களில் இளையோர் பலர் கணினியிலும் செல்பேசியிலும் வீடியோ விளையாட்டு ஆடுகின்றனர். அவற்றுள் இணையத்தின் வழியே வேற்றூராரோடும் வேற்று நாட்டாரோடும் கூடி ஆடும் ஆட்டங்களே பெரிதும் பேசப்படுகின்றன. "இதற்கு இத்தனை பணமா?" என்று பெற்றோர் கேட்கின்றனர். "எத்தனை மணி நேரம் ஆடலாம், எண்ணிப் பாருங்கள்!" என்று பிள்ளைகள் விடை பகர்கின்றனர். இருசாராரும் ஒரே பொருளைக் குறித்துத்தான் பேசுகின்றனரா என்பது முதலில் ஆராயத்தக்கது.

பிள்ளைகள் போடும் கணக்கு எளியது. 60 டாலர் விலையுள்ள ஆட்டத்தை 200 மணி நேரம் ஆடினால் மணிக்கு 30 சென்ட் ஆகிறது. திரையரங்குச் சீட்டோடு ஒப்பிட இது மிக மலிவு. கணக்கில் பிழையில்லை, கணக்கின் அடிப்படையில்தான் ஐயம் எழுகிறது. வாழ்நாளில் எவ்வளவு நேரத்தை ஒன்று எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவுக்கு அது மலிவு என்று கொண்டால், மருத்துவமனை வாயிலில் காத்துக் கிடக்கும் நேரமே யாவற்றினும் மலிவானது என்று கூற நேரும்! 200 மணி நேரம் என்பதை வரவுப் பக்கத்தில் எழுதுவதா, செலவுப் பக்கத்தில் எழுதுவதா? அந்நேரத்தில் நிகழ்ந்தது யாது என்று அறியும் வரை எப்பக்கத்திலும் எழுத இயலாது.

பெற்றோர் கணக்கிலும் ஒரு குறை உண்டு. அவர்கள் ஆட்டத்தைப் பல்லாங்குழிப் பலகை போன்றதொரு பொருளாக எண்ணி விலை பேசுகின்றனர். பல்லாங்குழியை ஒருமுறை வாங்கினால் போதும்; பாட்டி ஆடியதைப் பேத்தியும் ஆடலாம். பலகை விற்ற தச்சன் கடையை மூடிவிட்டுப் போனாலும் நம் ஆட்டத்திற்கு ஊறு இல்லை. இணையத்தில் கூடி ஆடும் ஆட்டங்கள் பெரும்பாலும் அத்தகையன அல்ல. அவற்றில் பலகை எந்நாளும் வணிகனின் வீட்டிலேயே இருக்கிறது. நாம் அங்குச் சென்று ஆடித் திரும்புகிறோம். செல்வதற்கு வாயிற்கட்டணமும் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2002ஆம் ஆண்டு 'எக்ஸ்பாக்ஸ் லைவ்' சேவையைத் தொடங்கியபோதே, ஆட்டத்தின் விலைக்கு மேல் ஆண்டுச் சந்தாவும் வாங்கத் தலைப்பட்டது. சோனி நிறுவனமும் 2013இல் வந்த தன் 'பிளேஸ்டேஷன் 4' கருவியில் அவ்வழியைப் பின்பற்றியது.

வணிகன் கதவைச் சாத்தினால் என்னாகும்? பிரான்சு நாட்டு யுபிசாப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்ற கார்ப்பந்தய ஆட்டத்தை வெளியிட்டது. தனித்து ஆட விரும்புவோரும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தே ஆட வேண்டும் என்பது அதன் அமைப்பு. 2023 டிசம்பரில் அதன் விற்பனை நின்றது. 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டன. பணம் கொடுத்து வாங்கிய குறுந்தகடு இன்றும் பலருடைய அலமாரியில் இருக்கக்கூடும். அதனுள் ஆட்டம் இல்லை. இது கண்டு அமெரிக்கரான ராஸ் ஸ்காட் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். சர்வரை என்றென்றும் நடத்துக என்று அவ்வியக்கத்தார் கேட்கவில்லை. மூடும்போது வாங்கியவன் ஆடத்தக்க நிலையில் ஆட்டத்தை விட்டுச் செல்க என்றே கேட்கின்றனர். அவ்வழியில் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு எழுதப்பட்ட விண்ணப்பத்தில் 2025ஆம் ஆண்டு கையொப்பமிட்டோர் பத்து இலட்சத்தைக் கடந்தனர். கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டமோ, இத்தகைய மின்பொருள்களை விற்போர், வாங்குபவனுக்குக் கிடைப்பது உரிமமே என்பதைத் தெளிவாகக் கூறவேண்டும் என்கிறது. உடைமை என்று எண்ணி ஒன்றை வாங்கியவனுக்கு, அது நுழைவு அனுமதி மட்டுமே என்பதை வாங்கும்போதே கூறிவிடுதல் வணிக அறத்தின் முதற்படி அன்றோ!

நம் நாட்டிலும் இதனைக் கண்டோம். 2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு 'பப்ஜி மொபைல்' ஆட்டத்தைத் தடை செய்தது. அக்டோபர் 30 அன்று இங்கு அதன் சேவை நின்றது. பின்னர் வேறு பெயரில் அது வந்தது, மறைந்தது, மீண்டும் வந்தது. தடை சரியா தவறா என்பது இங்கு நம் வினா அன்று. அதில் பணம் செலுத்திப் பெற்ற உடைகளும் ஒப்பனைகளும் எவருடைய உடைமை என்று அந்நாள்களில் சிறுவர் கேட்ட கேள்விக்குப் பெரியோரிடம் விடை இருந்ததா?

இவ்வாட்டங்களில் விற்கப்படும் சரக்குதான் யாது? சோனி நிறுவனம் 2024 ஆகஸ்ட் 23 அன்று 'கான்கார்ட்' என்ற ஆட்டத்தை 40 டாலர் விலையில் வெளியிட்டு, செப்டம்பர் 6 அன்று மூடிவிட்டது. வாங்கியோர்க்குப் பணத்தைத் திருப்பித் தந்தது, அது பாராட்டற்குரியது. ஆடுவதற்குப் போதிய ஆட்கள் வராததே அவ்வாட்டம் வீழ்ந்ததற்குக் காரணம். இந்நிகழ்ச்சி ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. இவ்வகை ஆட்டத்தில் நாம் விலை கொடுத்துப் பெறுவதில் பெரும்பகுதி பிற மனிதர்களே. ஆனால் அம்மனிதர்களை வணிகன் செய்யவில்லை. அவர்களும் நம்மைப் போலவே விலை கொடுத்து வந்தவர்கள். சந்தையை அமைத்தவன் வாடகை வாங்கலாம். கூட்டமோ தானே வந்து கூடுகிறது.

இதனை உணர்ந்தால் 'இலவச' ஆட்டங்களின் உட்பொருளும் விளங்கும். எபிக் நிறுவனத்தின் 'போர்ட்நைட்' ஆட்டத்தில் நுழையக் கட்டணமில்லை. உள்ளே உடை, நடனம், ஒப்பனை முதலியன விற்கப்படுகின்றன. அவற்றைப் பிறர் காணாவிடில் வாங்குவோர் யார்? காண்பதற்கென்று கூடிய பெருங்கூட்டமே இலவசமாக ஆடுவோர். 2022 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அந்நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, நிறுவனம் 52 கோடி டாலர் செலுத்த ஒப்பியது. அதில் 24.5 கோடி டாலர் ஆடியவர்களுக்குத் திருப்பித் தருவதற்குரியது. ஒரு பொருளைப் பார்க்க மட்டும் விரும்பியவன் அருகிலுள்ள பொத்தானைத் தவறுதலாக அழுத்தினாலே பணம் பிடிக்கப்பட்டது என்பதும், பெற்றோர் இசைவின்றிச் சிறுவர் வாங்க முடிந்தது என்பதும் ஆணையத்தின் குற்றச்சாட்டுகளுள் அடங்கும். திறந்த பின்னரே உள்ளிருப்பது தெரியும் பெட்டிகளை விற்பது சூதாட்டம் என்று பெல்ஜியம் நாட்டு ஆணையம் 2018இலேயே கூறிவிட்டது. முன்னரே விலை கூறி விற்பவன், விலையே இல்லை என்று அழைப்பவனைவிட நேர்மையானவன் என்பது என் எண்ணம். 60 டாலர் என்றால் தந்தை ஒருமுறை ஆம் என்றோ இல்லை என்றோ கூறிவிடலாம். இலவசத்திற்கு அவர் நாள்தோறும் விடை கூறவேண்டியிருக்கிறது.

விலை கொடுத்தவர் பெற்றது என்ன என்பதற்கு நார்வே நாட்டு இளைஞர் மாட்ஸ் ஸ்டீன் வரலாற்றைக் கூறலாம். டூஷென் என்னும் தசைச்சிதைவு நோயுடன் பிறந்த அவர், நாளடைவில் விரல்களை மட்டுமே அசைக்கத்தக்க நிலையை அடைந்து, 2014 நவம்பரில் தம் 25ஆம் வயதில் மறைந்தார். இறுதிப் பத்தாண்டுகளில் 15,000 முதல் 20,000 மணி நேரத்தை அவர் ஆட்டத்தில் கழித்தார். அவ்வாட்டம் 2004இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்ட்'. அதன் சந்தா அமெரிக்காவில் மாதம் 14.99 டாலர். பத்தாண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,800 டாலர். நண்பரும் காதலும் இன்றித் தம் மகன் தனிமையில் மாய்ந்தான் என்றே பெற்றோர் வருந்தினர். அவர் விட்டுச்சென்ற கடவுச்சொல்லைக் கொண்டு தந்தையார் மகனது இணையப் பக்கத்தில் மரணச் செய்தியை எழுதினார். பல நாடுகளிலிருந்தும் மடல்கள் வரத் தொடங்கின. 'இபெலின்' என்ற பெயரில் அவரோடு ஆடியோர், தம் துன்பங்களில் அவர் உடனிருந்ததை எழுதினர். சிலர் இறுதிச் சடங்கிற்கே வந்தனர். ஆட்டத்தில் நிகழ்ந்த உரையாடல்கள் பதிவில் இருந்தமையால், அவற்றைக் கொண்டு 2024இல் அவருடைய வாழ்வு ஆவணப்படமாகவும் வெளிவந்தது.

ஒரு மாட்ஸைக் காட்டி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆட்டம் நன்று என வாதிடுதல் பொருந்தாது. நடமாட இயலாதவர்க்கு அது கதவு. நடமாட இயன்றவர்க்கு அதுவே கதவைச் சாத்துவதாகவும் அமையலாம். அயலார் கூடும் இடத்தில் வசைமொழியும் வஞ்சகமும் உண்டு. கட்டுக்கடங்காத ஆட்டப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய்களின் பட்டியலில் ஏற்றது. (ஆட்டத்தில் சுடுதலும் வெட்டுதலும் பற்றிய வினா இதனினும் பெரிது; நம் குடும்பங்கள் அதனை எளிதில் கடந்து செல்ல இயலாது. அது தனியே எழுதத்தக்கது.) ஆயினும் மாட்ஸின் பெற்றோர் கொண்ட வருத்தம் நம்மை உறுத்தவேண்டும். அவர்கள் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். மகனை இரவும் பகலும் பேணியவர்கள். அவர்கள் நேரத்தை அறிந்திருந்தனர், செலவை அறிந்திருந்தனர். உள்ளே யார் இருந்தனர் என்பதைத்தான் அறியவில்லை. "எவ்வளவு?" என்பதோடு "யாரோடு?" என்றும் கேட்டால்தான் விலையைப் பற்றிய பேச்சே தொடங்குகிறது.

அவ்வரலாற்றில் வரும் ஒரு தாயைப் பற்றிக் கூறவேண்டும். டென்மார்க் நாட்டவரான அவருடைய மகன் அறையை விட்டு வெளியே வருவதற்கே தயங்குபவன். அவனை அணுகும் வழி அறியாது அத்தாய் வருந்தியபோது, அவனோடு ஆட்டத்திற்குள்ளேயே சென்று பழகுமாறு இபெலின் கூறினார். அத்தாய் அவ்வாறே செய்தார். தாயும் மகனும் முதலில் அங்கே தழுவிக்கொண்டனர். பிறகு வீட்டிலும் பேச்சு வளர்ந்தது. அதற்கு அக்குடும்பம் திங்கள்தோறும் இரண்டு சந்தா கட்டியிருக்க வேண்டும்.