மிச்சம் பிடித்த நேரம் யாருடையது?

அரபு மொழியில் பயணத்திற்கு 'ஸஃபர்' என்று பெயர். திரை விலகுதல், முகம் வெளிப்படுதல் என்னும் பொருள்கள் அச்சொல்லின் வேரில் உறைந்திருக்கின்றன. மனிதரின் குணத்தைத் திரைநீக்கிக் காட்டுவதால்தான் பயணத்திற்கு அப்பெயர் வாய்த்தது என்று மொழியறிஞர் விளக்கம் கூறுவர். உடன் வருபவரிடம் காட்டும் பொறுமையிலும், உணவைப் பகிர்ந்துகொள்ளும் முறையிலும், இடத்துக்கு இடம் கொடுப்பதிலும் நம் இயல்பு வெளிப்பட்டுவிடுகிறது. வழியில் மட்டுமா வெளிப்படுகிறது? புறப்படுமுன் எந்த ஊர்தியில் ஏறுவது என்று முடிவு செய்யும் பொழுதிலும் அது வெளிப்படத்தான் செய்கிறது. ஈண்டு நாம் ஆராயப் புகுவது அந்தப் பொழுதைப் பற்றியே.

எல்லாப் பயணங்களையும் பற்றி நாம் பேச வரவில்லை. கடல்களைத் தாண்டிப் பல்லாயிரம் கிலோமீட்டர் செல்ல வேண்டியவருக்கு இன்று விமானத்தை விட்டால் வேறு வழி அரிது. வழி ஒன்றே ஒன்றாயின் அங்கே தேர்வு இல்லை; தேர்வு இல்லாத இடத்தில் அறவிசாரணையும் இல்லை. ஒரு நாட்டிலிருந்து அண்டை நாட்டுக்குச் செல்ல விமானமும் ரயிலும் ஒருசேரக் காத்து நிற்கும்போது எதில் ஏறுவது நேர்மை என்பதே கேள்வி. இதற்கு லண்டனும் பாரிசும் தக்க சான்றாகும். புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பாரிஸ் வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல; அவர்களுள் முஸ்லிம்களும் உளர். லண்டனிலும் நம்மவர் வாழ்கின்றனர். திருமணம், பெருநாள், நோய் விசாரிப்பு என்று இவ்விரு நகரங்களுக்கிடையே போய்வருவோருக்கு இது ஏட்டுக் கேள்வியன்று.

ஆங்கிலக் கால்வாயின் அடியில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் 1994 மே மாதத்தில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் யூரோஸ்டார் ரயில்கள் ஓடத் தொடங்கின. அதற்கு முன்னர் ரயிலில் செல்வோர் கடற்கரையில் இறங்கிக் கப்பல் மாற வேண்டியிருந்தது. 2007 நவம்பரில் இங்கிலாந்துப் பகுதியின் விரைவுப் பாதையும் முழுமை பெற்றபின், லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலிருந்து பாரிசின் வடக்கு நிலையத்துக்குச் செல்ல இரண்டேகால் மணி நேரமளவே ஆகிறது.

விமானத்தில் செல்பவர் கூறும் முதற்காரணம் நேரம். அதனை எண்ணிப் பார்ப்போம். விமானம் வானில் இருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆனால் பயணி வானத்திலா குடியிருக்கிறார்? வீட்டிலிருந்து ஹீத்ரோ செல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். சோதனை வரிசைகளில் நிற்க வேண்டும். இறங்கியபின் மீண்டும் வரிசை. பிறகு சார்ல் தெ கோல் நிலையத்திலிருந்து பாரிஸ் நகருக்குள் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வர வேண்டும். ரயிலுக்கும் முன்னதாகச் செல்லவேண்டும். கடவுச்சீட்டுச் சோதனை அங்கும் உண்டு. எனினும் இருபுறமும் நிலையங்கள் நகரின் உள்ளேயே அமைந்துள்ளன. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்கிட்டால் இரண்டும் பெரும்பாலும் சமமாக வந்து நிற்கும். பல வேளைகளில் ரயிலே முந்தும்.

ஆனால் எளிய வழக்கில் வென்றுவிட்டு மகிழ்வது ஆராய்ச்சியாகாது. லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு 2018 முதல் நேர் ரயில் உண்டு. அதில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். விமான நிலையத்துக்கு அருகில் குடியிருப்பவர் வானில் சென்றால் ஒரு மணி நேரமோ சற்று மிகுதியாகவோ மிச்சம் பிடிக்க இயலும். உண்மையான கேள்வி இங்குதான் பிறக்கிறது. மிச்சமான அந்த ஒரு மணி நேரம் நம்முடையதா? அதற்கு விலை கொடுத்தவர் யார்?

பயணத்தில் தொழுகையைச் சுருக்குவது பற்றிப் பேசும் ஷாஃபிஈ சட்ட நூல்களில் ஒரு நுட்பம் உண்டு. குறிப்பிட்ட தொலைவைக் கடப்பவருக்கே அச்சலுகை. அதே தொலைவை ஒருவர் கடல் வழியாகச் சிறிது நேரத்தில் கடந்துவிட்டால் என்ன செய்வது? அப்போதும் சலுகை உண்டு என்றே ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில் எழுதினார்கள். விமானத்தைக் கனவிலும் காணாத காலத்தில், பயணத்தை அளக்கும் கோல் நேரமன்று, தொலைவே என்று அவர்கள் தெளிந்திருந்தார்கள். அச்சட்டம் வேறு, நம் கேள்வி வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தீர்ப்பு வழங்க நாம் துணியவில்லை. ஆயினும் நேரம் என்னும் ஒரு கோலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பயணத்தை அளந்துவிட முடியாது என்னும் எச்சரிக்கையை அதிலிருந்து பெற்றுக்கொள்ளலாமன்றோ?

மற்றொரு கோலையும் எடுப்போம். ரயிலுக்கு நாம் 'புகைவண்டி' என்று பெயர் சூட்டினோம். காலம் அப்பெயரைப் பொய்யாக்கிவிட்டது. லண்டன் - பாரிஸ் வண்டி மின்சாரத்தில் ஓடுகிறது. பிரான்சு நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அணு உலைகளிலிருந்து வருகிறது. இத்தடத்தில் விமானப் பயணி ஒருவரின் கணக்கில் சேரும் கரியமில வாயுவில் பத்திலொரு பங்குகூட ரயில் பயணியின் கணக்கில் சேர்வதில்லை. தரையிலிருந்து எழும்பி உயரம் ஏறுவதற்கே விமானம் மிகுந்த எரிபொருளைக் குடிக்கிறது. பயணம் குறுகக் குறுக அச்செலவின் பங்கு பெருகுகிறது. எனவே குறும்பயணமே கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் பெருஞ்சுமையாகிறது. புகையைப் பெயரில் சுமப்பது ரயில். வானில் விடுவது விமானம். நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் ரயிலுக்கு இவ்வளவு பெருமை இல்லை என்பதையும், அணு உலைக் கழிவு தனியே ஒரு கவலை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நேர்மை.

அந்தப் புகை எங்கே போகிறது? விட்டவரின் வீட்டுக்கு மேலேயே அது நிற்பதில்லை. நூற்றாண்டுகள் காற்றில் தங்கி உலகனைத்தையும் சூடாக்குகிறது. மாலத்தீவின் நிலம் பெரும்பாலும் கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் அளவே உயர்ந்திருக்கிறது. வங்காளதேசத்துக் கழிமுகத்தில் உப்புநீர் வயலுக்குள் புகுகிறது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு மணி நேரம் முன்னதாக இறங்கிய இன்பம் ஒருவருக்கு; அதன் சுமையில் ஒரு துளி, விமானத்தைத் தலைக்கு மேல் பறக்க மட்டுமே கண்ட மற்றொருவருக்கு.

ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் உறவினர், அண்டை அயலார் வீடுகளுக்கெல்லாம் சென்று, குற்றங்குறைகளைப் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டி விடைபெறுவது நம் ஊர்களின் வழக்கம். பிறர்க்குச் செய்த தீங்கை அவரே பொறுத்தாலன்றி அது தீராது என்னும் அச்சமே அவ்வழக்கத்தின் உயிர். இந்தத் தீங்கை எந்த வீட்டுக்குச் சென்று சொல்லுவோம்? அவர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, அவருள் பலர் இன்னும் பிறக்கவே இல்லை. பொறுத்துக்கொள்ளுமாறு கேட்க முடியாத ஒருவருக்குத் தீங்கு செய்யும்போது இருமடங்கு எச்சரிக்கை வேண்டாமா?

இங்கே ஒரு தடை எழும். "நாம் ஏறாவிட்டாலும் அந்த விமானம் பறக்கத்தானே போகிறது? காலியாகக் கிடக்கும் இருக்கையால் யாருக்கு நன்மை?" என்பர். அறிவுடையோரும் சொல்லும் தடை இது; இதனை எளிதில் ஒதுக்க இயலாது. இன்று மாலை புறப்படும் விமானத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது மெய்யே. ஆனால் அடுத்த ஆண்டு எத்தனை விமானங்கள் புறப்படவேண்டும் என்று முடிவு செய்வது யார்? இவ்வாண்டு நிரம்பிய இருக்கைகளும் நிரம்பாத இருக்கைகளுமே. பாரிசுக்கும் பிரஸ்ஸல்சுக்கும் இடையே விரைவு ரயில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஓடத் தொடங்கியபின், பிரான்சின் பெரிய விமான நிறுவனமே 2001இல் அத்தடத்தில் தன் விமானங்களை நிறுத்திவிட்டுத் தன் பயணிகளுக்கு ரயிலில் இடம் வாங்கிக் கொடுத்தது. ரயிலில் ஏறியவரெல்லாம் அறம் கருதி ஏறினார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். வசதி கருதியவரே மிகுதி. ஆனால் விமானத்தை நிறுத்தியது தனித்தனி மனிதரின் எண்ணிக்கை என்பதில் ஐயமில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. பாரிசிலிருந்து பெர்லினுக்கு ஓடிய இரவு ரயில் 2014 டிசம்பரில் நின்றது. 2023 டிசம்பரில் மீண்டும் ஓடியது. பிரெஞ்சு அரசின் உதவித்தொகை நின்றதும் 2025 டிசம்பரில் அச்சேவையும் நின்றது. வேறொரு நிறுவனம் அத்தடத்தை எடுத்து நடத்த முன்வந்தது. ஆதரிப்பார் இல்லையேல் நல்ல வழியும் அடைபடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் தாய்மார்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்தார்கள். எந்த ஒரு பிடியும் ஒரு மாணவனின் ஒருநாள் பசியைத் தீர்த்ததில்லை. "இந்தப் பிடி இல்லாவிட்டால் மதரஸாவின் அடுப்பு அணைந்துவிடவா போகிறது?" என்று ஒவ்வொரு தாயும் கேட்டிருந்தால் கேள்வியில் பிழை கண்டிருக்க முடியாது, அடுப்பு மட்டும் அணைந்திருக்கும்.

அடுத்த தடை கட்டணம். ரயிலைவிட விமானம் மலிவாகக் கிடைக்கும் நாட்கள் பல. அதற்கும் காரணம் உண்டு. 1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையில் வேர்கொண்ட ஏற்பாடுகளால், நாடுகளுக்கிடையே பறக்கும் விமானத்தின் எரிபொருளுக்குப் பொதுவாக வரி இல்லை. யூரோஸ்டாரோ சுரங்கத்தைக் கடக்கவும் தண்டவாளத்தில் ஓடவும் பெருங்கட்டணம் செலுத்துகிறது. ஆகவே சீட்டில் அச்சிட்ட விலை முழு விலையன்று. எஞ்சியதை வேறு யாரோ செலுத்துகிறார். கூலி வேலை செய்து குழந்தைகளோடு ஊர் செல்பவர் மலிவான சீட்டை வாங்கினால் அவரைக் குறை கூறோம். பழி, விலையை அவ்வாறு அமைத்தவரைச் சேரும். வசதி இருந்தும் அவ்வாறு செய்பவரிடமே நம் கேள்வி.

இதற்குச் சட்டம் போட்டால் என்ன? பிரான்சு 2021இல் இயற்றிய சட்டம் 2023 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது: இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் செல்லக்கூடிய உள்நாட்டுத் தடங்களில் விமானம் கூடாது. நடைமுறையில் பாரிசின் ஓர்லி நிலையத்திலிருந்து நாந்த், லியோன், போர்தோ ஆகிய மூன்று ஊர்களுக்குச் செல்லும் தடங்களே அதற்குள் அடங்கின. எல்லை தாண்டும் பயணத்தை அச்சட்டம் தொடவில்லை. இரு நாடுகளுக்கு நடுவே சட்டம் வாய்திறவாதபோது, பேசவேண்டியது மனச்சான்று ஒன்றே.

மனச்சான்று கண்மூடித்தனமாகவும் பேசக்கூடாது. தந்தை மரணப் படுக்கையில் இருக்கிறார் என்று செய்தி வந்தவர் முதலில் கிடைக்கும் ஊர்தியில் ஏறட்டும். 2009 டிசம்பரில் கடும்பனியால் யூரோஸ்டார் வண்டிகள் ஐந்து சுரங்கத்துக்குள் நின்று ஈராயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் துன்புற்றனர். நான்கே மாதங்களில், 2010 ஏப்ரலில், ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் ஐரோப்பிய விமானங்கள் நாட்கணக்கில் முடங்கின. இரண்டிலும் குறையுண்டு. நம் நாட்டார்க்கோ தேர்வே குறைவு. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி - தலைமன்னார் வழியில் சென்னையில் ரயிலேறியவர், இடையே கப்பல் மாறிக் கொழும்பில் ரயிலிலேயே இறங்கினார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. இன்று சென்னையிலிருந்து கொழும்புக்குப் பறப்பவரிடம் "ஏன் ரயிலில் போகவில்லை?" என்று கேட்பது அறியாமை. இயலாததைக் கடமையாக்குவது அறமன்று.

ஆனால் இயன்றவர் இருக்கிறார். கையில் இரண்டு சீட்டுகளும் எட்டும் தொலைவில் உள்ளன, அவசரம் ஏதுமில்லை, பணத்துக்கும் குறைவில்லை. ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று அவர் விமானத்தை நாடும்போது, அந்த நேரத்தை என்ன செய்யப் போகிறோம் என்று தம்மைத் தாமே ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். பிள்ளைகளோடு சன்னலோரம் அமர்ந்து பேசிக்கொண்டு செல்லக்கூடிய நான்கு மணி நேரத்தை விட்டு, வரிசையில் நின்று மூன்று மணி நேரத்தைக் கழித்து, மிஞ்சிய ஒன்றை வீண்பேச்சில் கரைப்பதற்காகவா முகமறியாத ஒருவரின் வயலில் உப்பைச் சேர்ப்பது? அவர் நம்மைப் பார்க்கப் போவதில்லை. நம் பெயரைச் சொல்லி முறையிடப் போவதுமில்லை. கேட்பார் இல்லாத இடத்தில் நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதுவே திரை நீங்கிய நம் முகம்.